உங்கள் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படம் பார்ப்பார்கள், பாட்டு கேட்பார்கள், பிள்ளைகளுக்கு கேம்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். அதன் பிறகு ஒரு கேள்வி வரும். "இவ்வளவு ரூபாய் கொடுத்து வாங்கினோமே, வீட்டுக்கு உபயோகமாக இதில் வேறு என்ன செய்யலாம்?"

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் பழைய கார் நிற்கும் இடத்திலேயே தானாக உறும ஆரம்பித்தது. ஒரு மொபைல் போன், ஒரு லேப்டாப், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஓர் அடாப்டர், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கின் காது ஆகிய நான்கும் சேர்ந்து அந்தக் கோளாறைப் பிடித்தன. உங்களிடமும் பழைய கார் இருந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம்.

அப்பா சாவியைக் கொடுத்தார்

எனக்குச் சொந்த ஊர் ஆற்காடு. சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ் என்பதால், கார் பானெட்டைத் திறந்தால் பேட்டரியைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறார். தைத்த அப்பர்களை டிக்கியில் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வேலூர் வழியாக ஆம்பூர் போய் வருவார். அதற்கென்று வாங்கியதுதான் இந்த 2013 மாடல் சின்ன கார்.

ஒருநாள் பாலாற்றுப் பாலம் தாண்டி, ராணிப்பேட்டை முத்துக்கடையில் நெரிசலில் நின்றிருக்கிறார். முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்ததும் பர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விட்டிருக்கிறார். வண்டி குபீரென்று பாய்ந்து, முன்னால் இருந்த மொபெட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மொபெட்டில் ஓர் அம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளையும் இருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம் நான் ஊருக்கு வந்தபோது அப்பா கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

"வித்துடுடா. கால்ல பதம் போயிடுச்சு. எனக்குத் தெரியாமலே ஆக்ஸிலேட்டர மிதிக்கிறேன்போல. அறுபத்து மூணு ஆவுதில்ல."

பிரேக் சத்தம் கேட்டால்கூட அவர் கை நடுங்குவதை அம்மா தனியாக என்னிடம் சொன்னார். கார் போனால் அப்பாவின் ஆம்பூர் போக்குவரத்தும் நின்றுவிடும். விற்பதற்கு முன் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உண்மையிலேயே அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தாரா?

ஐடில் என்றால் என்ன?

கார் ஸ்டார்ட் ஆகி, யாரும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதை ஐடில் என்கிறோம். சின்ன பெட்ரோல் கார்களில், இன்ஜின் சூடான பிறகு இது நிமிடத்துக்கு 800 முதல் 900 சுற்று வரை இருக்கும். டாக்கோமீட்டர் முள் காட்டும் ஆர்.பி.எம். என்பது இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடில் 1,200, 1,300 என்று கூடுதலாக இருப்பது இயல்பு. சூடாகச் சூடாகத் தானே இறங்கிவிடும். சூடான பிறகும் இறங்காமல் இருப்பது, அல்லது ஏறி ஏறி இறங்குவதுதான் கோளாறு. எங்கள் காரில் பத்து நிமிடம் ஓடிய பிறகு முள் 1,100-க்கும் 1,900-க்கும் இடையே ஊஞ்சலாடியது. முள் மேலே இருக்கும் நேரத்தில் கிளட்சை விட்டால் வண்டி பாயத்தானே செய்யும்?

கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் கார்புரேட்டர்தான் இருந்தது. ஐடில் கூடினால் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்வார். எங்கள் ஊரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருக்கிறது. அங்கிருந்து 1998-ல் வந்த சான்ட்ரோவில் எம்.பி.எப்.ஐ. முறை இருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறை இது. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகியதும் மற்ற கார்களிலும் கார்புரேட்டர் மறைந்தது.

எவ்வளவு பெட்ரோல், எப்போது தெளிப்பது என்பதை முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதுதான் இ.சி.யு. இதற்கு மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. கீபோர்டுக்குப் பதில் சென்சார்கள். இன்ஜின் சூடு, சுற்று வேகம், ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கும் த்ராட்டில் வால்வு திறந்திருக்கும் அளவு, காற்று போகும் குழாய்க்குள் (இதை மேனிபோல்டு என்பார்கள்) உள்ள அழுத்தம் எல்லாம் இ.சி.யு.வுக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஐடிலைப் பார்த்துக்கொள்வதும் இ.சி.யு.தான். த்ராட்டில் வால்வு மூடியிருக்கும்போது, பக்கத்தில் உள்ள ஒரு சின்ன வழியாகக் காற்று உள்ளே போகும். அந்த வழியைக் கூட்டிக் குறைப்பது ஐடில் கண்ட்ரோல் வால்வு. சுற்று கூடினால் இ.சி.யு. அந்த வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். (இன்றைய கார்களில் த்ராட்டிலையே மோட்டார் திருப்புகிறது. எங்கள் காரில் கேபிள்தான்.)

கோளாறு வந்தால் இ.சி.யு. அதை ஒரு கோட் எண்ணாகப் பதிந்துவைக்கும், மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கை எரியவிடும். இந்த வசதிக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.2 கட்டாயம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.1-ம், 2013 ஏப்ரலில் ஓ.பி.டி.2-ம் கட்டாயமாயின.

என்னென்ன தேவை?

1. ஓ.பி.டி. அடாப்டர். ஆன்லைனில் இ.எல்.எம். 327 என்று தேடினால் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனுக்கு ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள், ஐபோனில் வேலை செய்யும் என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்கவும். மலிவான சில அடாப்டர்கள் சில கார்களோடு பேசாது. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குவது நல்லது.

2. போனில் ஓர் ஓ.பி.டி. ஆப். இலவசமாகவே பல உண்டு. அளவுகளைச் சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமிக்கும் வசதி அதில் இருக்க வேண்டும்.

3. கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க். கால்க் இலவசம்.

2010-க்கு முந்தைய கார்களில் 16 துளை சாக்கெட் இருந்தாலும் அடாப்டர் இணையாமல் போகலாம். அது அடாப்டரின் குற்றம் இல்லை. அந்தக் கார்கள் கம்பெனிக்கென்று தனி மொழியில் பேசுபவை.

இணைப்பது எப்படி?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு மேலே குனிந்து பார்த்தால் 16 துளைகள் உள்ள சாக்கெட் தெரியும். காரை ஆப் செய்துவிட்டு அதில் அடாப்டரைச் செருகவும். பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்பவும். போனின் ப்ளூடூத்தில் அடாப்டரின் பெயர் வரும். பின் நம்பர் கேட்டால் 1234 அல்லது 0000 கொடுத்துப் பார்க்கவும். பிறகு ஆப்பைத் திறந்து அந்த அடாப்டரைத் தேர்வு செய்தால் இணைப்பு தயார்.

ஆப்பும் காரும் என்ன பேசிக்கொள்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசையா? ஆர்.பி.எம். வேண்டும் என்றால் ஆப் அனுப்பும் கேள்வி 01 0சி. கார் 41 0சி 0டி 48 என்று பதில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் கேள்வியின் எதிரொலி. கடைசி இரண்டும்தான் அளவு. இவை ஹெக்ஸாடெசிமல் எண்கள். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் மோடில் வைத்து ஹெக்ஸ் பகுதியில் தட்டினால் 0டி என்பது 13, 48 என்பது 72 என்று காட்டும். 13-ஐ 256-ஆல் பெருக்கி, 72-ஐக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் 850. அதுதான் ஆர்.பி.எம். (0சி, 0டி இரண்டிலும் வரும் சி, டி ஆங்கில எழுத்துகள்.)

கோட் சொன்னதும் சொல்லாததும்

ஆப்பில் கோட் பகுதியைத் திறந்தேன். பி 0507 என்று வந்தது. "ஐடில் ஆர்.பி.எம். எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்று பொருள்.

அப்பா ஏற்கனவே ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தார். அங்கேயும் இதே கோட்தான் வந்திருக்கிறது. ஐடில் கண்ட்ரோல் வால்வை மாற்றி, கோடை அழித்து அனுப்பியிருக்கிறார்கள். செலவு 4,200 ரூபாய். இரண்டே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்ப எடுத்துப்போனால், காலையில் இன்ஜின் குளிர்ந்திருந்த நேரத்தில் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது, நீங்க ஓட்டுறதுலதான் ஏதோ" என்றார்களாம். அப்பா மனதில் அந்தச் சந்தேகம் விழுந்தது அங்கேதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று கம்ப்யூட்டர் காட்டினால் உடனே புது பிரிண்டர் வாங்குவோமா? கேபிள் கழன்றிருக்கலாம், பேப்பர் சிக்கியிருக்கலாம். கார் கோடும் அப்படித்தான். ஐடில் அதிகம் என்று இ.சி.யு. சொன்னது உண்மை. வால்வு கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. அது ஒர்க்‌ஷாப் செய்த ஊகம்.

கிராஃபில் தெரிந்த உண்மை

ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு முழுவதும் குளிர்ந்திருந்த காரை வீட்டு வாசலில் திறந்த வெளியில் நிறுத்தினேன். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்தேன். ஆப்பில் நான்கு அளவுகளைத் தேர்வு செய்தேன். ஆர்.பி.எம்., இன்ஜின் சூடு, த்ராட்டில் நிலை, மேனிபோல்டு அழுத்தம். அதிக அளவுகளைத் தேர்வு செய்தால் ஒவ்வொன்றும் மெதுவாக வரும் என்பதால் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். பதிவை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்து, காலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். இருபது நிமிடம் ஓடவிட்டேன்.

பிறகு சி.எஸ்.வி. ஃபைலை யு.எஸ்.பி. கேபிள் மூலம் லேப்டாப்புக்குக் காப்பி செய்தேன். கால்க் மூலம் திறக்கும்போது, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்கும் இடத்தில் கமாவை டிக் செய்யவும். பத்தி பத்தியாக எண்கள் வந்து நிற்கும். தேவையான பத்திகளைத் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் கொடுத்து, லைன் என்பதைத் தேர்வு செய்தால் கிராஃப் தயார்.

ஸ்டார்ட் ஆனதும் 1,300 இருந்த ஆர்.பி.எம். கோடு மெல்ல இறங்கியது. சூடு 80 டிகிரியை நெருங்கியபோது இறக்கம் நின்றது. பிறகு ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. ரம்பப் பல்லைப் போல வரிசையாக வந்தது.

அதற்குக் கீழே த்ராட்டில் கோடு. தொடக்கம் முதல் கடைசி வரை 12 சதவீதம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. (பல கார்களில் த்ராட்டில் முழுவதும் மூடியிருந்தாலும் ஆப்பில் பூஜ்யம் வராது. பத்துக்கு மேல் ஓர் எண் காட்டும். அது மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம்.)

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது இன்ஜின் சுத்துறது. இது ஆக்ஸிலேட்டர். கார்ல யாருமே இல்லாதப்ப எடுத்தது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அப்ப, நான் மிதிக்கலியா?"

"நீங்க வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்கப்பா."

பாயின் காது

ஆக்ஸிலேட்டர் வழியாகக் காற்று போகவில்லை. அப்படியானால் எந்த வழியாகப் போகிறது? இதற்குக் கிராஃபில் பதில் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேல்விஷாரம் சாலையில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். கார்புரேட்டர் காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாய்'.

பாய் கிராஃபைப் பார்த்துச் சிரித்தார். "பொட்டி சொல்றது கரெக்டுதான் தம்பி. வண்டி இன்னா சொல்லுதுன்னு பாப்போம்." சூடாகும்வரை ஓடவிட்டு, இன்ஜின் மேல் தலையைச் சாய்த்துக் கேட்டார். "புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கீது. கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. அவர் மூக்கு நீண்ட குறடில் துணியைச் சுற்றி, மேனிபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். முதல் ஹோஸில் மாற்றம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை அழுத்தியதும் உறுமல் அடங்கியது. போனில் பார்த்தேன். 860.

அது பி.சி.வி. ஹோஸ். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிபோல்டுக்கு உறிஞ்சிக்கொண்டு போகும் குழாய். மேலே பார்த்தால் நன்றாக இருந்தது. கழற்றித் திருப்பினால், அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்து 180 ரூபாய்.

ஏன் ஏறி ஏறி இறங்கியது?

வீட்டுக்கு வந்து கிராஃபை மறுபடி பார்த்தபோது எல்லாம் புரிந்தது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று தேவை. வெடிப்பு வழியாக வந்த காற்று அந்தத் தேவையோடு சேர்ந்துவிட்டது. இ.சி.யு. வால்வைக் கொஞ்சம் மூடி ஈடுகட்டிக்கொண்டது. அதனால்தான் காலையில் பார்த்தவர்களுக்குக் கோளாறு தெரியவில்லை.

சூடானதும் காற்றுத் தேவை குறைந்தது. இ.சி.யு. வால்வை முழுவதும் மூடியும் வெடிப்பு வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. மேனிபோல்டு அழுத்தம் கூடியதை சென்சார் சொல்ல, காற்றுக்கு ஏற்றபடி இ.சி.யு. பெட்ரோலையும் கூட்டியது. சுற்று ஏறியது. த்ராட்டில் மூடியிருக்கும்போது சுற்று ஒரு வரம்பைத் தாண்டினால், வண்டி சரிவில் இறங்குவதாக எண்ணி இ.சி.யு. பெட்ரோலை நிறுத்திவிடும். சுற்று விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் வரும், மறுபடி ஏறும். கிராஃபில் தெரிந்த ரம்பப் பல் இதுதான். இ.சி.யு. சரியாகத்தான் வேலை செய்தது. கணக்கில் வராத காற்று ஒன்று உள்ளே வந்ததை மட்டும் அது அறியவில்லை.

உங்கள் காரில் பார்க்கும்போது

* கோடை அழிப்பதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளவும்.

* ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிபோல்டு அழுத்தத்தைப் பார்க்கவும். எங்கள் ஊர் போன்ற சமவெளியில் 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐடிலில் பொதுவாக 30 முதல் 40 வரை இருக்கும்.

* இன்ஜின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று வந்தால் உங்கள் இன்ஜின் பனியில் உறையவில்லை! சென்சார் ஒயர் அறுந்திருக்கலாம். அதனாலும் ஐடில் கூடும்.

* த்ராட்டில் கோடு நேராக இல்லாமல் தானாக ஏறி இறங்கினால் த்ராட்டில் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஒரே எண்ணில், ஆனால் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றால், கேபிள் இறுகியிருக்கிறதா, கால்மிதி பெடலில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும்.

* ஐடில் குறைந்து, ஏ.சி. போட்டதும் வண்டி நின்றால் த்ராட்டில் பாடியில் கரி சேர்ந்திருக்கலாம். சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். மாற்றிய பிறகு மறுபடி பதிவு செய்து பழைய கிராஃபோடு ஒப்பிடவும்.

* ஓடும் இன்ஜினில் கை வைக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடவும். ஃபேன் எப்போது சுற்றும் என்று தெரியாது. தொங்கும் துண்டு, சேலை, துப்பட்டா கூடவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம்.

* வண்டி ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வைக்கவும். செருகியே விட்டால் பேட்டரி இறங்கும்.

ஹோஸ் மாற்றிய மறுநாள் அதே நான்கு அளவுகளை மறுபடி பதிவு செய்தேன். 1,300-ல் தொடங்கிய கோடு மெல்ல இறங்கி 850-ல் வந்து படுத்துக்கொண்டது. இரண்டு கிராஃபையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். இன்சூரன்ஸ் பேப்பர்களோடு அதையும் மடித்து கார் டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். "அப்பா ஆம்பூர் போயிருக்கார்டா. இன்னும் வரல" என்றார்.